தலைமாட்டுக் கற்கள்

சேசு மரி சூசை துணை

கருக்கமேடு, ஒரகடம் வழி
11-6-1978

அன்புத் தம்பி யேசுராசுக்கு அக்கா அன்னபுஷ்பம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மச்சானும் உயிரோடு இருக்கிறோம். நீயும் அங்கே உயிரோடுதான் இருக்கிறாயா என்று தெரிந்துகொள்ள ஆசை. பாஸ்காத் திருநாள் போய் இரண்டரை மாதம் ஆகிறது, ஒரு கார்டு வரவில்லை. மெட்ராசில் கார்டு விற்பதை நிறுத்திவிட்டார்களா?

விஷயத்துக்கு வருகிறேன். போன புதன்கிழமை ஜீப்பில் நாலு பேர் வந்து மேட்டைச் சங்கிலி பிடித்து அளந்தார்கள். சிவப்புப் பெயிண்டு அடித்த முளைக்குச்சி அடித்துவிட்டுப் போனார்கள். தொழிற்பேட்டை வருகிறதாம். மேட்டிலிருந்து ரோடு வரைக்கும் ஏதோ பம்பு செய்கிற கம்பெனிக்காம். நம் கல்லறை மேடு போகிறது, யேசு.

ஒரு குச்சியைக் கிரேசியின் கால்மாட்டில் அடித்திருந்தார்கள். நான் பிடுங்கி எறிந்தேன். அளக்கிறவன் ஓடி வந்தான்.

"இன்னாமா, கவர்மெண்டு குச்சியப் புடுங்கற? கேசு ஆயிடும்."

"எம் பொண்ணு காலு மேல அடிச்சிக்கீறியே, அதுக்கு இன்னா கேசு?" என்றேன்.

அவன் கையிலிருந்த பேப்பரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இங்க கல்லறைன்னு ஒண்ணுமே காணோமே. மேய்க்கால் பொறம்போக்குன்னுதான் போட்டுக்கீது" என்றான். முப்பத்துநாலு பேரை அங்கே புதைத்திருக்கிறோம். நம் அம்மா அப்பா அங்கே. என் குழந்தை அங்கே. அவன் கணக்கில் அது மாடு மேய்கிற இடம்.

நீ பழைய இடங்களைக் காப்பாற்றுகிற ஆபீசில் இருக்கிறாய். எந்த ஊர்க் கோயில் தூணுக்கோ வேலி போடுகிறாய். உன் அக்கா பெண்ணுக்கு ஒரு காகிதம் எழுதக்கூடாதா? விஷக் காய்ச்சலில் அவள் போய் ஏழு வருஷம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசை முடிந்து அங்கே போய்த்தான் வீட்டுக்கு வருகிறேன். அந்த இடமும் இல்லாவிட்டால் நான் எங்கே போவேன், சொல்லு.

"ஒன் தம்பி பெரிய ஆபீசரு ஆய்ட்டான், இதுக்கெல்லாம் வருவானா?" என்கிறார் மச்சான். அவர் வாயை அடைக்கவாவது வா.

உன் அக்கா
அன்னபுஷ்பம்

*

சைதாப்பேட்டை
19-6-1978

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். கார்டு போடாதது தப்புத்தான். ஆபீசில் மூச்சுவிட நேரமில்லை. நான் ஆபீசர் இல்லை என்று மச்சானிடம் சொல். ஆபீசருக்கு டேப் பிடிக்கிறவன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. எங்கள் சட்டம் பழையதைத்தான் காக்கும். ஏழு வருஷத்துக் கல்லறை, எழுபது வருஷத்துக் கல்லறை எதுவும் அதில் வராது. நான் காகிதம் எழுதினால் சிரிப்பார்கள்.

ஆனால் கல்லறைக்கு மேற்கே, மேட்டின் உச்சியில், பாண்டவர் குழி என்று ஊரில் சொல்வார்களே, வட்டம் வட்டமாகக் கல் நட்டிருக்குமே, அது இன்னும் இருக்கிறதா? அது பாண்டவர்களுடையது இல்லை, அக்கா. இரும்புக் காலத்து மனிதர்கள் இறந்தவர்களை வைத்த இடம். இரண்டாயிரத்து ஐநூறு, மூவாயிரம் வருஷம் இருக்கலாம். தொழிற்பேட்டைக்கு நிலத்தை ஒப்படைப்பதற்கு முன்னால் இப்படி ஏதாவது உண்டா என்று எங்களைக் கேட்டாக வேண்டும். அந்த ஃபைல் என் மேஜைக்கு வரும்படி செய்துவிட்டேன்.

வட்டம் தப்பினால் மேடு தப்பும். மேடு தப்பினால் கல்லறையும் தப்பும். வருகிற ஞாயிறு பஸ் பிடித்து வருகிறேன். மீன் குழம்பு வை.

உன் தம்பி
யேசுராஜ்

*

சே. ம. சூ.

கருக்கமேடு
16-7-1978

அன்புத் தம்பிக்கு,

நீ வந்துவிட்டுப் போனதில் எனக்கு எவ்வளவு தெம்பு தெரியுமா. ஆனாலும் திட்டாமல் விட முடியாது. காலையில் வந்தவன் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் இலையில் உட்கார்ந்தாய். மீன் குழம்பை மூன்று தரம் சுட வைத்தேன். அதுவரை டேப்பைப் பிடித்துக்கொண்டு முட்டி தேய மேட்டில் தவழ்ந்தாய். ஊர்ப் பிள்ளைகள் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லவேண்டாம் என்று பார்த்தேன், மனசு கேட்கவில்லை. கிரேசி தலைமாட்டில் நின்றாயே, ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அவள் கல்லை விரலால் தட்டி, "இதுவும் மூணாம் வட்டத்துக் கல்லு" என்று நோட்டில் எழுதிக்கொண்டாய். அவ்வளவுதான்.

ஆமாம், அங்கேயிருந்து எடுத்ததுதான். வேறே எங்கே போவோம்? சாமியாரும் மேஸ்திரியும் வைத்தா நமக்குக் கல்லறை கட்டினார்கள்? அப்பா காலத்திலிருந்து யார் செத்தாலும் அந்த வட்டத்திலிருந்து ஒரு கல்லை உருட்டி வந்து தலைமாட்டில் நடுவோம். சுண்ணாம்பு அடித்து, தாரில் சிலுவையும் பேரும் எழுதுவோம். நாங்கள் திருடியதுபோல நீ முகத்தைச் சுளித்தாய்.

உங்கள் ஆபீசர் தணிகாசலம் எப்போது வருகிறார்? மேடு முழுசும் தப்புமா தப்பாதா என்று எனக்குப் புரிகிற மாதிரி ஒரே வரியில் எழுது. ஊரில் எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். "அன்னபுஷ்பம் தம்பி பார்த்துக்குவான்" என்று கோயிலில் உபதேசியார் சொல்லிவிட்டார்.

உன் அக்கா
அன்னபுஷ்பம்

*

சைதாப்பேட்டை
6-8-1978

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரே வரியில் கேட்டாய்: தப்பும். நான் சொல்கிறபடி நீ செய்தால்.

எட்டு ஏக்கருக்கு வரைபடம் போட்டிருக்கிறேன். கல்லறை அதற்குள் வந்துவிடுகிறது. ஆனால் தணிகாசலம் சார் கறாரான ஆள். வட்டங்களில் பாதிக் கல் இல்லை என்று பார்த்தால் "சிதைந்த இடம், பாதுகாக்கத் தகுதியில்லை" என்று எழுதிவிடுவார். பிறகு மேடு முழுவதும் கம்பெனிக்குப் போகும். அதனால் அவர் வருவதற்கு முன் முப்பத்துநாலு கல்லும் வட்டத்துக்குத் திரும்பப் போக வேண்டும். எந்தக் கல் எங்கே என்று படம் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பழைய குழி தெரியும், அதிலேயே இறக்கி மண் தள்ளுங்கள்.

சுண்ணாம்பைத் தேங்காய் நாரும் மணலும் வைத்துத் தேய்த்துவிடு. தார் எழுத்துக்கு மண்ணெண்ணெய் போட்டுத் துடை. ஒரு எழுத்துக்கூடத் தெரியக்கூடாது. மண் மேடுகளையும் சமன் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் இது என்ன என்று கேட்பார்.

படம் எடுத்து உத்தரவு வரும் வரையில்தான். பிறகு ஒவ்வொருவருக்கும் நானே மரத்தில் சிலுவை செய்து பேர் எழுதிக் கொடுக்கிறேன். ஊராருக்கு நீ சொன்னால் கேட்பார்கள். ஏன் என்று கேட்டால், தம்பி சொல்கிறான் என்று சொல். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

உன் தம்பி
யேசுராஜ்

*

சே. ம. சூ.

கருக்கமேடு
27-8-1978

அன்புத் தம்பிக்கு,

முடிந்தது. எப்படி முடிந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுச் செல்வமேரிக்கு இரண்டு பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள் அல்லவா, அவள் கல்லைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"செத்தும் நிம்மதியா இருக்க வுடமாட்டியாடி? ஒன் தம்பிக்கு உத்தியோகம் ஒசரணும்னா எம் புள்ளைங்க பேர அழிக்கணுமா?"

"பேர அழிச்சாத்தான் எடம் நிக்கும், மேரி. என்ன நம்பு. மொதல்ல எம் பொண்ணு கல்ல எடுக்கறேன், பார்த்துட்டு அப்பறம் எடு" என்றேன்.

சொன்னபடி கிரேசி கல்லைத்தான் முதலில் எடுத்தோம். மச்சான் கடப்பாரை போட்டார். நான்தான் தேய்த்தேன். மண்ணெண்ணெய் பட்டதும் அவள் பேரில் முதல் எழுத்து கரைந்து கல்லில் ஒழுகியது. கையெல்லாம் கறுப்பு. நாலு நாள் சோப்புப் போட்டும் போகவில்லை, அந்தக் கையால்தான் சோறு தின்றேன். ராத்திரி மச்சான், "அவ எங்க இருக்கான்னு இப்ப அடியளந்துதான் சொல்ல முடியும்" என்றார்.

என்னைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள். செல்வமேரி கடைசியாக எடுத்தாள், எடுத்துக்கொண்டே என்னைச் சபித்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை உங்கள் தணிகாசலம் சார் வந்தார். நாலு வட்டத்தையும் சுற்றிப் பார்த்து, "அற்புதம், யேசுராஜ், ஒரு கல்கூட அசையல" என்று உன் முதுகில் தட்டினார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டோம். நம் கல்லறை இருந்த பக்கமும் இரண்டு படம் எடுக்கச் சொன்னாயே, அங்கே வெறும் தரைதானே இருக்கிறது, அதை எதுக்கு எடுத்தாய்? கேட்கணும் என்றிருந்தேன், அதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டாய்.

உத்தரவு வந்ததும் தந்தி அடி. கல்லறைத் திருநாளுக்குள் சிலுவை நட்டுவிட வேண்டும்.

உன் அக்கா
அன்னபுஷ்பம்

*

சைதாப்பேட்டை
20-11-1978

அன்புள்ள அக்காவுக்கு,

சந்தோஷச் செய்தி. கருக்கமேட்டுக் கல்வட்டங்களைப் பாதுகாக்கப்போவதாகக் கெஜட்டில் வந்துவிட்டது. ஆட்சேபணைக்கு இரண்டு மாதம் தவணை, அது முடிந்ததும் உறுதி. கம்பிவேலியும் நீலப் பலகையும் வரும். என் பேர் ஆபீஸ் முழுக்க அடிபடுகிறது. தை மாதம் எனக்குப் பதவி உயர்வு என்று தணிகாசலம் சாரே சொன்னார்.

பரப்பளவு மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. கம்பெனிக்கு ரோட்டுப் பக்கம் வாசல் வேண்டும் என்று மேலிடத்தில் அழுத்தம். எட்டு ஏக்கர் இரண்டரை ஏக்கராகிவிட்டது. விவரம் நேரில் சொல்கிறேன். நீ வீணாக மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

கல்லறைத் திருநாளுக்கு வர முடியவில்லை. வேலை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
யேசுராஜ்

*

சே. ம. சூ.

கருக்கமேடு
14-1-1979

யேசுராசுக்கு,

ஒன்பதாம் தேதி புல்டோசர் வந்தது. இரண்டரை ஏக்கருக்கு வேலி போட்டிருக்கிறார்கள். அதைத் தொடாமல், அளந்து வைத்த மாதிரி, அதன் ஓரமாகவே வந்து நம் மேட்டை வழித்தது. கம்பெனி வாசலுக்கு ரோடு போட மண் வேண்டுமாம். மண்ணை அள்ளி லாரியில் கொட்டினார்கள். மண்ணோடு என்னென்ன போயிற்று என்று உனக்கு நான் எழுத வேண்டுமா? செல்வமேரி லாரிக்குப் பின்னால் ஓடினாள். ஓடி விழுந்து, எழுந்து, திரும்பி வந்து என் முகத்தில் காறித் துப்பினாள். ஊரே நின்று பார்த்தது. ஒருத்தர் தடுக்கவில்லை.

நான் கிரேசி இருந்த இடத்தை அடியளந்து போய் நின்றேன். புல்டோசர்காரன் நல்லவன், நிறுத்தினான். போலீஸ்காரன்தான் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் மச்சானும் நானும் நிலமெடுப்புத் தாசில்தாரிடம் போனோம். கல்லறையை இடித்துவிட்டீர்களே என்று அழுதேன். அவர் ஃபைலை எடுத்துத் திருப்பிக் காட்டினார்.

"இதோ பாரும்மா, ரிப்போர்ட்டு. அண்மைக்காலத்தில் சடலங்கள் புதைக்கப்பட்டுள்ளனவா, இல்லை. மேட்டின் கிழக்குப் பகுதி வெற்றுத் தரை. அப்பறம் ரெண்டு படமும் எடுத்துச் சேர்த்து வெச்சிருக்காங்க. கல்லறைன்னு ஒரு வரி இருந்திருந்தாலும் நான் மாத்து எடம் பார்க்காம கை வெச்சிருக்க மாட்டேன். தொல்லியல் ஆளே இல்லன்னு எழுதிட்டாரே."

கீழே உன் கையெழுத்து. தேதி 31-7-1978.

எண்ணிப் பார்த்துக்கொள். கல்லை எடுக்கச் சொல்லி நீ எனக்கு எழுதியது ஆகஸ்டு ஆறாம் தேதி. கல்லறை இல்லை என்று நீ எழுதி ஆறு நாள் கழித்து, அதை இல்லாமல் ஆக்கும்படி எனக்கு எழுதியிருக்கிறாய். அப்பா அம்மாவும் உனக்கு வெற்றுத் தரையா?

பதில் எழுது. தப்பாக இருக்கிறது, அது நான் எழுதியதில்லை என்று எழுது. நம்புகிறேன்.

அன்னபுஷ்பம்

*

சைதாப்பேட்டை
25-1-1979

அன்புள்ள அக்காவுக்கு,

பொய் சொல்ல விருப்பமில்லை. எழுதியது நான்தான்.

புதிய புதைப்பு உண்டு என்று எழுதியிருந்தால் "கலைந்த இடம்" என்று மொத்த மேட்டையும் தள்ளிவிட்டிருப்பார்கள். மாற்று இடம், விசாரணை என்று கலெக்டர் வரை போய், கடைசியில் இரண்டும் போயிருக்கும். கல்லறை எப்படியும் போகிறதுதான். போகிறதைக் கொடுத்து, போகக்கூடாததை வைத்துக்கொண்டேன். எட்டு ஏக்கர் என்று சொன்னது உன் மனசு நோகாமலிருக்க. முதலிலிருந்தே இரண்டரைதான்.

நீ தாய், உனக்குக் கசக்கும். ஆனாலும் யோசித்துப் பார். கிரேசி மாதிரிக் குழந்தைகள் காய்ச்சலில் தினம் சாகிறார்கள். அவர்களுக்கெல்லாம் இடம் வைத்துக்கொண்டிருந்தால் நாட்டில் ஏர் ஓட்ட முடியாது. அந்த மாதிரி முழு வட்டம் இந்தத் தாலுகாவில் நாலுதான் இருக்கிறது. உன் துக்கம் உன்னோடு போகும். அந்த வட்டம் உன் பேரப்பிள்ளைகள் காலத்திலும் நிற்கும்.

உனக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை என்பது எழுதிய பிறகுதான் ஞாபகம் வருகிறது. அந்த வரியை அடித்தால் அசிங்கமாக இருக்கும், விட்டுவிடுகிறேன். பேச்சுக்குச் சொன்னது.

ஆட்சேபணை தவணைக்குள் கம்பெனி மனு போட்டிருக்கிறது. வட்டமும் வேண்டுமாம் அவர்களுக்கு. விசாரணைக்கு யாராவது வந்து கேட்டால், கல் எல்லாம் காலம்காலமாக அங்கேயேதான் இருக்கிறது என்று ஊரார் சொல்ல வேண்டும். நீ சொல்லி வை. உறுதியானதும் மச்சானை அங்கேயே காவலாளியாகப் போடச் சொல்கிறேன். கவர்மெண்டு சம்பளம்.

உன் தம்பி
யேசுராஜ்

*

கருக்கமேடு
22-4-1979

யேசுராசுக்கு,

உனக்கு மெமோ வந்திருக்கும். சஸ்பெண்டு செய்துவிட்டார்கள் என்று உபதேசியார் சொன்னார். யார் காட்டிக்கொடுத்தார்கள் என்று நீ தேடிக்கொண்டிருப்பாய். தேடவேண்டாம். நான்தான்.

படித்ததும் கிழித்துப் போடு என்று நீ எழுதிய கடிதத்தை நான் கிழிக்கவில்லை. உன் கடிதம் எதையுமே நான் கிழித்ததில்லை, காலேஜ் ஹாஸ்டலிலிருந்து சோப்புக்கு எழுதின கார்டு வரை டப்பாவில் இருக்கிறது. மச்சானுக்குக்கூடச் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்க் கம்பெனி மானேஜர் மேஜையில் வைத்தேன். நீ போட்ட படமும் சேர்த்து. எந்தக் கல் எங்கேயிருந்து எங்கே போயிற்று என்று உன் கையாலேயே எழுதியிருந்தாயே, அது.

செங்கல்பட்டில் விசாரணை. இது யாருடைய எழுத்து, நிச்சயமாகத் தெரியுமா என்று அந்த ஆபீசர் கேட்டார்.

"தெரியுங்க. சிலேட்டுல கையப் புடிச்சு எழுதக் கத்துக் குடுத்தது நாந்தான்" என்றேன். ஜோடிக்கப்பட்ட சின்னம் என்று எழுதிப் பாதுகாப்பை எடுத்துவிட்டார்கள்.

உனக்கு என்ன வேண்டும் என்று மானேஜர் கேட்டான். மச்சானுக்கு வாச்மேன் வேலை தருகிறேன் என்றான், நீ சொன்ன மாதிரியே. வேண்டாம் என்றேன். அந்த வட்டங்களை என்றைக்கு இடிக்கிறீர்களோ அன்றைக்கு எனக்கு ஆள் அனுப்ப வேண்டும், நான் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றேன். சரி, உன்னைக் கேட்டுக்கொண்டே இடிக்கச் சொல்கிறேன் என்றான்.

பாஸ்கா முடிந்து செவ்வாய்க்கிழமை ஆள் வந்தான். போனேன். வேலியைப் பிடுங்கி, பலகையைப் பிடுங்கி, முதல் வட்டத்தைத் தள்ளினார்கள். சந்தோஷமாக இருந்தது எனக்கு. பாவம்தான், தெரியும். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லப்போவதில்லை. இரண்டாம் வட்டமும் போயிற்று. உன் முதுகில் தட்டினாரே அந்த ஆபீசர், அது ஞாபகம் வந்தது, இன்னும் சந்தோஷப்பட்டேன்.

மூன்றாம் வட்டத்தில் குழியை மூடியிருந்த பலகைக்கல் பெயர்ந்ததும் டிரைவர் வண்டியை நிறுத்தி இறங்கினான். நானும் குழிக்குக் கிட்டே போனேன். உள்ளே சுட்ட மண்ணில் ஒரு தொட்டி இருந்தது. கீழே குட்டிக் குட்டிக் கால் வைத்து, மூடி போட்டு. ஒன்றரை முழம் இருக்கும். மூடி உடைந்துவிட்டது. உள்ளே சின்ன எலும்பு, சின்ன மண்டை. பக்கத்தில் சிவப்பு மணி நாலைந்து.

"இன்னாமா இது, கொழந்தையாட்டம் கீது" என்று டிரைவர் தலையிலிருந்த துண்டை எடுத்தான். "எனக்கு மனசு வரல. மானேஜரு உன்னத்தான் கேட்டுக்கச் சொன்னாரு. நிறுத்தட்டாமா?"

நான் நிறுத்தச் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பான். சத்தியமாக நிறுத்தியிருப்பான். அந்தத் தொட்டியையாவது எடுத்து ஓரமாக வைத்து மூடியிருக்கலாம். அது கிரேசி அளவுதான் இருந்தது, யேசு. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு உன் முகம்தான் தெரிந்தது.

"ஓட்டுப்பா" என்றேன்.

ஓட்டினான். தொட்டி நொறுங்கின சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை, பானை உடைகிற மாதிரிதான்.

அதையும் ஒரு தாய்தான் வைத்திருப்பாள். அவளுக்கு அதைச் செய்தது நான், நீ இல்லை. அதை மட்டும் நீ என் முகத்துக்கு நேரே சொல்லலாம், வாங்கிக்கொள்கிறேன். வேறு எதற்கும் எனக்கு எழுதாதே.

அன்னபுஷ்பம்